வாசல் நோயாளி

டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை மரத்தின் மேல் வைத்தபோது காலை மணி எட்டரை. கிளினிக் கூடத்தில் காத்திருந்த பதினோரு நோயாளிகளும் ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள். விடாமல் இருமிக்கொண்டிருந்தவர்கூட இருமலை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"மூச்சை இழுத்து விடச் சொல்லுங்க டாக்டர்," என்றார் தையல்காரர். மாதம் இரண்டு முறை வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருகிறவர். அந்த உரிமை.

டாக்டர் திரும்பவில்லை. தண்டில் இரண்டு இடத்தில் விரலால் தட்டினார். கீழ்மட்டையின் இலை ஒன்றை, நாக்கைப் பார்ப்பதுபோல் நீட்டிப் பார்த்தார். நுனி பழுப்பாக இருந்தது. தேய்த்ததும் பொடியாக உதிர்ந்தது.

"பயப்பட ஒண்ணுமில்ல," என்றார். நோயாளிகளிடம் சொல்லும் அதே குரலில் மரத்திடம் சொன்னார்.

அது ஓர் அலங்காரப் பனை. டாக்டரின் மகள் ஆறாம் வகுப்பு படித்தபோது ஒரு சின்னத் தொட்டியில் வைத்தது. தொட்டியை உடைத்துக்கொண்டு மண்ணில் இறங்கி, பதினாறு வருடத்தில் வீட்டுப் பின்புறச் சுவரைத் தாண்டி வளர்ந்துவிட்டது. இப்போது மகளும் டாக்டர். இரண்டு மாதம் கழித்து வருகிற ஒன்றாம் தேதி, அப்பாவின் கிளினிக்கில் சேரப் போகிறாள். அவளுக்காகக் கூடத்தைத் தடுத்து ஓர் அறை போட்டார்கள். அறைக்கு இடைஞ்சலாக இருந்த வாஷ்பேசினைக் கழற்றினார்கள். கழற்றியதில் யாருக்கும் வருத்தமில்லை. வருடத்துக்கு இரண்டு முறை அதன் அடிக்குழாய் அரித்துப் போகும். "அப்படி என்னத்தத்தான் ஊத்துறீங்க இதுல?" என்று கேட்டுக் கேட்டு பிளம்பரே சலித்துப் போயிருந்தார்.

அறை வேலை ஆரம்பித்த கையோடு டாக்டருக்கு ஒரு யோசனை வந்தது.

"அவ வெச்ச மரம். அவ வேலையில சேர்ற அன்னிக்கு வாசல்ல நின்னு அவளை வரவேற்கணும்," என்றார்.

மரத்தைப் பெயர்த்துக் கொண்டுவந்து நட்டு மூன்று வாரம் ஆகிறது. அந்த மரம்தான் இப்படி நின்றது.

டாக்டருக்கு முப்பது வருட அனுபவத்தில் ஒரு விதி உண்டு. நோயாளி எப்போதும் பாதியைத்தான் சொல்வார். கூட வந்தவரைக் கேட்டால் மீதி வந்துவிடும். மரத்துக்குக் கூட வந்தவர், அதைப் பெயர்த்து நட்ட நர்சரிக்காரர். அவருக்கு போன் போனது.

நர்சரிக்காரர் ஸ்கூட்டரை நிறுத்தும்போதே மரத்தைப் பார்த்துவிட்டார்.

"இடம் மாறின மரம் டாக்டர். நாம வீடு மாறினாலே ஒரு மாசம் தூக்கம் வராது. பழைய வேரெல்லாம் அறுபட்டிருக்கு, புதுசு விடணும். மூணு மாசம் சும்மா விடுங்க."

"சும்மா விடறதுக்கு டாக்டர் எதுக்குய்யா?"

நர்சரிக்காரர் ஏணியைக் கேட்டு வாங்கி ஏறினார். உச்சியில் இன்னும் விரியாமல் ஈட்டிபோல் நின்ற குருத்தைப் பிடித்து மெல்ல இழுத்தார். அது அசையவில்லை.

"இதுதான் இதுக்கு நாடி. மட்டை எத்தனை காஞ்சாலும் பரவாயில்ல. குருத்து கையோட வந்துட்டா, அவ்வளவுதான். வராத வரைக்கும் உசுரு இருக்கு."

இறங்கி வந்து ஒரு பிடி மண்ணை எடுத்து முகர்ந்தார். நெற்றி சுருங்கியது.

"மண்ணுல ஆஸ்பத்திரி வாசனை அடிக்குதே டாக்டர்."

"ஆஸ்பத்திரி வாசல்ல பின்ன பலசரக்குக் கடை வாசனையா அடிக்கும்?"

ஜன்னலில் சிரித்தார்கள். நர்சரிக்காரரும் சிரித்துவிட்டு மண்ணைத் தட்டிவிட்டார்.

"ஒரு எறும்புகூட இல்ல பாருங்க," என்றார் அவர், மரத்தடியைக் காலால் சீண்டியபடி.

"அதான் சுத்தம். ஆயாம்மா கை அப்படி," என்றார் டாக்டர்.

ஆயாம்மா வாசலில் சிதறிக் கிடந்த மருந்துக் கப்புகளைப் பொறுக்கிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். பாராட்டு தனக்கு என்று புரிந்ததும் மறுபடி குனிந்துகொண்டார்.

அன்று மாலை டாக்டர் ஒரு புதிய கேஸ் ஷீட் எடுத்தார். பெயர்: மரம். வயது: பதினாறு. பால் என்ற இடத்தில் கொஞ்சம் யோசித்து ஒரு கோடு போட்டார். நோய்: வெயில். வீட்டுப் பின்புறம் மத்தியானத்துக்கு மேல் சுவரின் நிழல் விழும். இங்கே மேற்கு வெயில் நேராக அடிக்கிறது. அடுத்த நாளே மரத்தின் மூன்று பக்கமும் கம்பு நட்டு, ஆள் உயரத்துக்கு மேல் பச்சை வலை கட்டியாயிற்று.

வலைக்குள் ஒரு சின்ன அறைபோல ஆகிவிட்டது. குளிர்ச்சியாக இருந்தது. நோயாளிகளுக்கு அது மிகவும் பிடித்துப் போயிற்று. மருந்து வாங்கியதும் நேராக வலைக்குள் போய், மரத்தின் பக்கத்தில் ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்பினார்கள்.

"பாருங்க, மரத்து மேல எல்லாருக்கும் எவ்வளவு அக்கறை," என்றார் டாக்டர்.

"உங்க மேல உள்ள மரியாதை டாக்டர்," என்றார் கம்பவுண்டர்.

அடுத்த வாரம் இன்னும் இரண்டு மட்டைகள் காய்ந்தன.

*

சனிக்கிழமை மகள் வந்தாள். வேறு ஊரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கடைசி மாதங்களை முடித்துக்கொண்டிருந்தாள். பையைக்கூட இறக்கி வைக்காமல் மரத்தின் முன்னால் நின்றாள்.

"என்னப்பா பண்ணி வெச்சிருக்கீங்க?"

"வெயில் தாங்கல. சரியாயிடும்."

"மண்ணை டெஸ்ட் பண்ணீங்களா?"

"எதுக்கு? பார்த்தாலே தெரியுதே."

இதுதான் அவர்கள் இருவருக்கும் உள்ள பழைய சண்டை. அப்பா பார்த்துச் சொல்வார். மகள் பரிசோதனை செய்துவிட்டுச் சொல்வாள். அந்தச் சண்டையின் நடுவில் எப்போதும் வந்து நிற்பது ரோஸ் மருந்து.

ரோஸ் மருந்து அந்தக் கிளினிக்கின் கொடி. காய்ச்சல், வயிற்றுவலி, மூட்டுவலி, தூக்கமின்மை, எதற்கு வந்தாலும் மாத்திரையோடு ஒரு பாட்டில் ரோஸ் மருந்தும் உண்டு. டாக்டர் எழுதிய பக்குவம், கம்பவுண்டரின் கைப்பாகம். ஏழு வகை உப்பும் இரண்டு எண்ணெயும் சேர்ந்தது என்று மட்டும் வெளியே தெரியும். கசப்பு என்று சொன்னால் போதாது. முதல் வேளையைக் கிளினிக்கிலேயே குடித்துவிட வேண்டும் என்பது டாக்டரின் சட்டம். காலிக் கப்பைக் கம்பவுண்டரிடம் காட்டினால்தான் பாட்டில் கைக்கு வரும்.

"நான் சேர்ந்ததும் அந்த மருந்தை நிறுத்திடலாம்ப்பா," என்றாள் மகள்.

கூடத்தில் கப்பைத் துடைத்துக்கொண்டிருந்த கம்பவுண்டரின் கை நின்றது.

"ஏன்?"

"அது எதைக் குணப்படுத்துதுன்னு உங்களுக்கே தெரியாது."

"வர்றவங்க எல்லாரும் குணமாகுறாங்க. முப்பது வருஷமா. இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?"

"அவங்க மாத்திரையில குணமாகலாம். தானா குணமாகலாம்."

டாக்டர் கூடத்துப் பக்கம் திரும்பினார். "இங்க வாங்க," என்று தையல்காரரைக் கூப்பிட்டார். "போன வாரம் வயித்துவலின்னு வந்தீங்களே, எப்ப சரியாச்சு?"

"ரோஸ் மருந்து முதல் வேளையோட சரி டாக்டர்," என்றார் தையல்காரர். "கப்பைக் கீழ வெச்சேன், வலி போச்சு."

"கேட்டியா?"

மகள் தையல்காரரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அவர் வலைக்குள் தெரிந்த மரத்தைப் பார்த்தார்.

"சரிப்பா, ஒண்ணு பண்ணலாம்," என்றாள் அவள். "பார்த்தே கண்டுபிடிப்பேன்னு சொல்றீங்க. இந்த மரத்துக்கு என்னன்னு கண்டுபிடிங்க. ஒண்ணாம் தேதிக்குள்ள தேத்திக் காட்டிட்டீங்கன்னா ரோஸ் மருந்து இருக்கட்டும். நான் வாயே திறக்க மாட்டேன். இல்லன்னா ஜாடியைக் கழுவிக் கவுத்துடணும்."

கம்பவுண்டர் டாக்டரை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் முப்பது வருடம் இருந்தது.

"சரி," என்றார் டாக்டர். அவருக்குத் துளிகூடச் சந்தேகம் இல்லை. அவர் கையில் இதுவரை எந்த நோயாளியும் ஆறு வாரத்துக்கு மேல் படுத்ததில்லை.

கிளம்பும்போது மகள் ஒரு டப்பாவில் மரத்தடி மண்ணை எடுத்துப் போனாள்.

*

வெயில் இல்லை என்றால் தண்ணீர். தினமும் இரண்டு குடம் ஊற்றுவது அதிகம், வேர் அழுகியிருக்கிறது என்று டாக்டர் தீர்மானித்தார். தண்ணீர் அடியோடு நிறுத்தப்பட்டது. ஒரே வாரத்தில் நுனியில் இருந்த பழுப்பு நடு இலை வரைக்கும் ஏறிவிட்டது.

வீட்டில் டாக்டரின் மனைவி சாதம் போட்டபடியே கேட்டார்: "ஏங்க, மரத்துக்குப் பத்தியம் ஏதாவது சொல்லியிருக்கீங்களா?"

"விளையாடாத."

"இல்ல, புளி, காரம் தள்ளணுமான்னு கேட்டேன்."

டாக்டர் மோரை இழுத்து ஊற்றிக்கொண்டார்.

மகளிடமிருந்து போன் வந்தது.

"மண் ரிப்போர்ட் வந்துடுச்சுப்பா. உப்பு தாறுமாறா ஏறியிருக்கு. கடலோரத்து மண்ணு மாதிரி இருக்குன்னு லேப்ல சிரிக்கிறாங்க. உப்புத் தண்ணி ஏதாவது ஊத்துறீங்களா?"

"தண்ணியே ஊத்தறதில்லம்மா."

"அய்யோ. உப்பு இருந்தா தண்ணி விட்டுக் கழுவணும்ப்பா, நிறுத்தக் கூடாது. சரி, எங்கிருந்து வருது? அங்க வேற யாராவது எதையாவது கொட்டுறாங்களா?"

டாக்டர் கம்பவுண்டரைக் கேட்டார். கம்பவுண்டர் தாடையைச் சொறிந்தார்.

"கொட்டுறதுன்னா... வாய் கொப்பளிக்கிறாங்க டாக்டர். மருந்து கசக்கும்ல. முன்னாடி வாஷ்பேசின்கிட்ட நின்னு குடிச்சு, அங்கயே கொப்பளிச்சாங்க. அதை எடுத்ததுக்கப்புறம் வாசல்ல தண்ணி டிரம் வெச்சிருக்கோம். கப்பை எடுத்துக்கிட்டு வெளிய போய்க் குடிச்சுட்டு வர்றாங்க."

டாக்டர் மேசையைத் தட்டினார். "கிடைச்சிடுச்சு. எச்சில். எச்சில்ல உப்பு இருக்கு."

அன்று அவர் கூடத்தில் நின்று விசாரணை நடத்தினார். இருபது பேர் இருந்தார்கள்.

"உண்மையைச் சொல்லுங்க. யாராவது மரத்தடியில வாய் கொப்பளிச்சீங்களா?"

"சேச்சே," என்றார்கள் இருபது பேரும்.

"தெரு ஓரமாத்தான் டாக்டர்," என்றார் தையல்காரர். "மரத்துல எவனாவது எச்சில் துப்புவானா?"

"என் பேரன் மேல சத்தியமா ஒரு சொட்டு எச்சில் துப்பினதில்ல," என்றார் ரிட்டயரான தலைமை எழுத்தர். அவர் பொய் சொல்லாதவர் என்று பெயர் எடுத்தவர்.

எல்லோரும் அவ்வளவு உறுதியாகச் சொன்னதில் டாக்டர் நெகிழ்ந்து போனார். ஆனாலும் டிரம்மை வாசலின் மறு கோடிக்கு நகர்த்தச் சொன்னார். மரத்துக்கு உப்பில்லாத கேன் தண்ணீர் தினமும் ஒரு செம்பு ஊற்றச் சொன்னார். நோயாளிகள் கப்போடு மரத்துக்குப் போய்விட்டு, அப்புறம் டிரம்முக்கு நடந்தார்கள். மரம் கேட்கவில்லை.

*

ஒன்றாம் தேதிக்கு ஐந்து வாரம் இருந்தது. டாக்டர் தினமும் காலையில் ஏணி ஏறி நாடி பார்த்தார். குருத்து அசையவில்லை. அவர் நம்பிக்கையும் அசையவில்லை. பச்சை மட்டைகள் மட்டும் ஒன்பதிலிருந்து ஐந்தாகிவிட்டன.

"தனிமை," என்றார் ஒரு நாள்.

"என்ன டாக்டர்?" என்றார் கம்பவுண்டர்.

"வீட்டுல நாங்க அது பக்கத்துல உக்காந்து பேசுவோம். இங்க அது அனாதை மாதிரி நிக்குது. மனுஷங்க நடமாட்டம் வேணும்."

வலைக்குள் மரத்தைச் சுற்றி மூன்று பெஞ்சுகள் போடப்பட்டன. இனிமேல் மருந்தும் அங்கேயே என்று ஏற்பாடாயிற்று. கம்பவுண்டர் கப்புகளை ஒரு தட்டில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு உள்ளே போவார். ஐந்து நிமிடம் கழித்து வந்து காலிக் கப்புகளை வாங்கிக்கொண்டு பாட்டிலைக் கொடுப்பார். முன்பெல்லாம் கப்பை ஒரு மடக்கில் காலி பண்ணத் திணறிய கிழவர்கள்கூட இப்போது கண்மூடித் திறப்பதற்குள் காலிக் கப்பை நீட்டினார்கள்.

"மருந்து இறங்கற வேகத்தைப் பாருங்க டாக்டர். காத்தோட்டமா இருந்தா தொண்டை திறந்துக்குது," என்றார் கம்பவுண்டர்.

டாக்டர் இதைக் கேஸ் ஷீட்டின் ஓரத்தில் குறித்துக்கொண்டார்.

பத்து நாளில் ஐந்து மட்டை மூன்றாயிற்று.

அப்போதுதான் டாக்டர் டிரிப் போட்டார்.

மூன்று மடக்குக் கம்பி ஸ்டாண்டு, பாட்டில், ட்யூப், சொட்டு எண்ணும் சின்னச் சக்கரம், எல்லாம் முறைப்படி. ஊசி தண்டில் இறங்கவில்லை என்பதால் ட்யூபை வேர் அருகே மண்ணில் செருகி பிளாஸ்திரி ஒட்டினார். தெருவில் போன பஸ் மெதுவாகியது. எதிரில் இருந்த பேக்கரிக்காரர் கடையைத் திறந்து போட்டுவிட்டு வந்து நின்றார்.

"உயிர் பிழைக்குமா டாக்டர்?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

"இருபத்திநாலு மணி நேரம் போகட்டும்," என்றார் டாக்டர்.

அன்று சனிக்கிழமை. மகள் வந்து இறங்கி, ஸ்டாண்டைப் பார்த்தாள். பாட்டிலைத் திருப்பி லேபிளைப் படித்தாள்.

"அப்பா. இது சலைன்."

"ஆமா."

"சலைன்னா உப்புத் தண்ணி."

டாக்டர் கம்பவுண்டரைப் பார்த்தார். கம்பவுண்டர் வானத்தைப் பார்த்தார். பாட்டில் மாற்றப்பட்டது. குளுக்கோஸ் சொட்டத் தொடங்கியது. மகள் பெஞ்சில் உட்கார்ந்து, முழங்கையை முழங்காலில் ஊன்றி, மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். அரைமணி நேரம் சர்க்கரைத் தண்ணீர் சொட்டியும் ஓர் எறும்பு வரவில்லை.

"விநோதமா இருக்குப்பா."

"சுத்தம்மா, சுத்தம்."

ஆயாம்மா அவள் காலடியில் கிடந்த ஒரு கப்பைக் குனிந்து எடுத்தார். "காலைத் தூக்கிக்கம்மா," என்றார். அவள் தூக்கிக்கொண்டாள்.

மரத்துக்கே டிரிப் போட்ட டாக்டர் என்று பெயர் பரவியது. மரத்தையே விடாதவர் மனிதரை விடுவாரா என்று பேசிக்கொண்டார்கள். ஒரு நாளைக்கு நாற்பது பேர் வந்த கிளினிக்கில் எழுபது பேர் வந்தார்கள். கம்பவுண்டர் ஜாடி போதாமல் இன்னொரு ஜாடி வாங்கினார். வலைக்குள் உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டே மருந்து வாங்கினார்கள். டாக்டர் மூச்சு விட நேரமில்லாமல் நோயாளிகளைப் பார்த்தார்.

மூன்று மட்டை இரண்டாயிற்று.

*

கடைசி வாரத்துக்கு முந்தின வாரம் கிளினிக்குக்கு வண்ணம் பூசினார்கள். மகள் வருவதற்குள் முடிக்க வேண்டும் என்று ஐந்து நாள் மூடினார்கள். இரண்டு நாள் நல்ல மழையும் பெய்தது. டாக்டருக்கு ஜலதோஷம். வீட்டைவிட்டு நகரவில்லை.

ஆறாம் நாள் காலையில் ஏணி ஏறியவர் அப்படியே நின்றுவிட்டார். குருத்தில் அவர் பேனாவால் போட்டிருந்த குறி இரண்டு விரல்கடை மேலே போயிருந்தது. அதன் அடியில் புதுப் பச்சை.

"டிரிப்," என்று ஏணி மேலிருந்தே அறிவித்தார். "வேலை செய்ய ஆரம்பிச்சுடுச்சு."

கீழே கம்பவுண்டர் கைகூப்பினார். கிளினிக் கதவைத் திறந்துவிட்டவுடன் டாக்டர் மகளுக்கு போன் போட்டார்.

"இப்ப என்ன சொல்ற?"



"ஐஞ்சு நாளா டிரிப்பை யாரு மாத்தினா?"

"யாரும் மாத்தல. மூடியிருந்துதே."

"அப்ப கிளினிக் மூடியிருந்தா மரம் நல்லாருக்கு. திறந்தா வாடுது."

"அதெல்லாம் தற்செயல்."

"தற்செயலா குணமாகலாம்னு ஒத்துக்கறீங்களாப்பா?"

டாக்டர் சிக்னல் சரியில்லை என்று சொல்லிப் போனை வைத்தார்.

கிளினிக் மறுபடி திறந்ததும் ஐந்து நாள் தேங்கியிருந்த கூட்டம் ஒரே நாளில் வந்தது. நூற்றுப்பத்துப் பேர். சாயங்காலம் இரண்டாவது ஜாடியும் காலி. மூன்றாம் நாள் காலையில், மிச்சமிருந்த இரண்டு பச்சை மட்டைகளில் ஒன்று மடங்கித் தொங்கியது. குருத்து அசையவில்லை. ஆனால் பேனாக் குறியும் அசையவில்லை.

*

முப்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை மாலை. கிளினிக்குக்கு விடுமுறை. வண்ணம் பூசிய சுவர் பளிச்சென்று இருந்தது. மகளின் அறை வாசலில் பெயர்ப்பலகை மாட்டியாயிற்று. மகள் வந்திருந்தாள். நர்சரிக்காரரைச் சாட்சிக்கு அழைத்திருந்தார்கள். கம்பவுண்டர் துவைத்த வெள்ளைக் கோட்டில் வந்திருந்தார். ஆயாம்மா வலைக்குள் கூட்டிக்கொண்டிருந்தார்.

நர்சரிக்காரர் ஏணியிலிருந்து இறங்கினார்.

"குருத்து கெட்டியா இருக்கு. உசுரு இருக்கு. ஆனா என்னவோ உள்ள போய்க்கிட்டே இருக்கு டாக்டர். அதை நிறுத்தினா பிழைச்சுடும். நிறுத்தலன்னா ரெண்டு வாரம்."

"நாளைக்கு ஒண்ணாம் தேதிப்பா," என்றாள் மகள். அவள் குரலில் வெற்றி இல்லை. அந்த மரத்தை அவள் வைத்தபோது அது அவள் முழங்கால் உயரம்கூட இல்லை. "பந்தயம் கிடக்கட்டும். வலையைப் பிரிச்சு, மண்ணை மாத்திப் பார்க்கலாமா?"

டாக்டர் கையைக் காட்டி அவளை நிறுத்தினார். அவர் முகத்தில் வெளிச்சம் இருந்தது. நாற்பது வருடம் முன்னால் பரீட்சை ஹாலில் கடைசிக் கேள்விக்கு விடை ஞாபகம் வந்தபோதும் அவருக்கு அப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

"நேத்து முழுக்க யோசிச்சேன்," என்றார். "நான் இதுவரைக்கும் வெளியில இருந்து வர்றதையே பார்த்துட்டிருந்தேன். வெயில், தண்ணி, எச்சில். தப்பு என் மேல. தண்ணி விட்டா வாங்கல. குளுக்கோஸ் விட்டா வாங்கல. இதுக்கு என்ன பேரு?"

டாக்டர் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார்.

"பசி மந்தம். வேருக்குப் பசியே இல்ல. பசி மந்தத்துக்கு முப்பது வருஷமா நான் என்ன கொடுக்கறேன்?"

கம்பவுண்டரின் கண்கள் விரிந்தன. "டாக்டர்," என்றார்.

"கையில வெண்ணெயை வெச்சுக்கிட்டு அலைஞ்சிருக்கேன்," என்றார் டாக்டர். "ஊருக்கெல்லாம் கொடுத்தேன், வாசல்ல நின்ன நோயாளிக்குக் கொடுக்கல. மூணு வேளை. வேளைக்கு ஒரு கப். வேர்ல."

மகள் ஜாடி இருந்த பக்கம் பார்த்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "கொடுங்கப்பா. இதுவும் ஒரு டெஸ்ட்தான். இதுல பிழைச்சுதுன்னா நானே தினமும் ஒரு கப் குடிக்கிறேன்."

கம்பவுண்டர் ஓடினார். உள்ளே ஜாடி திறக்கும் சத்தம் கேட்டது. ஒரு கப்பை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். மருந்து விளிம்பு வரை ரோஸாகத் ததும்பியது. பழக்கத்தில், குடித்துவிட்டுக் காலிக் கப்பைக் காட்ட வேண்டும் என்று மரத்தைப் பார்த்துச் சொல்லப் போய், நிறுத்திக்கொண்டார்.

டாக்டர் கப்பை வாங்கினார். மரத்தடியில் குந்தினார். "முதல் வேளை," என்றார், நோயாளிகளிடம் சொல்லும் அதே குரலில். "கொஞ்சம் கசக்கும். புதுசா குடிக்கிறவங்களுக்கு அப்படித்தான் இருக்கும்."

ஆயாம்மா கூட்டுவதை நிறுத்திவிட்டு, துடைப்பத்தை ஊன்றி நின்று, அவரை விநோதமாகப் பார்த்தார்.

"புதுசா என்ன டாக்டர்," என்றார். "வாஷ்பேசினைக் கழட்டின நாள்லேர்ந்து எல்லாரோட முதல் வேளையையும் அதுதானே குடிக்குது."